தோளில் ஏறிய பழி

ஏழாம் அத்தியாயம்

பணிமனையின் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு பேருந்தினுள், ஒரு பெண்மணி தம் மோவாயைத் துப்பறிவாளரிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லா பாருங்க மேடம். இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் நாலு. முளைச்சு ரெண்டு மாசம் ஆச்சு. வயசானா வர்றதுதானேன்னு நான் பாட்டுக்குப் பிடுங்கிப் போட்டுட்டு வண்டி எடுக்கப் போயிட்டிருந்தேன்.”

துப்பறிவாளர் குனிந்து பார்த்தார். ஐம்பத்து மூன்று வயதான அவரை ஊரார் ‘விசாரணையம்மாள்’ என்றே அழைப்பர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் பணியில் இருபது ஆண்டுகளைக் கழித்தவர்; ஒப்புக்காகக்கூட ஒரு சொல்லை மிகையாகச் சொல்லாதவர். அக்குறையை ஈடுசெய்வதற்கென்றே பிறந்தவர்போல, அவருடைய கணவரின் தம்பி, உதவியாளர் என்னும் பெயரில் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார். கொழுந்தனாருக்கு வயது நாற்பத்தாறு. வயிற்றுக்கு அதைவிடச் சற்று மூப்பு.

“எண்ணாதீங்க அண்ணி. எனக்கு மீசையிலகூட அவ்வளவு அடர்த்தி கிடையாது. வயித்தெரிச்சலா இருக்கு.”

“தம்பி!”

“வாயை மூடிட்டேன்.”

அப்பெண்மணி பேருந்து ஓட்டுநர்; வயது நாற்பத்தேழு. எட்டு ஆண்டுகளாக ஓர் உடற்பயிற்சிக் கழகத்தில் எடை தூக்குபவர். ‘இரும்பக்கா’ என்பது அங்கே அவருக்கு வழங்கும் பெயர். நாற்பது வயதைக் கடந்தோருக்கான போட்டியை அக்கழகம் ஏற்பாடு செய்திருந்தது. போட்டியாளர் அனைவருக்கும் மூன்று வாரங்களுக்கு முன்பு இரத்தப் பரிசோதனை நடந்தது. இரும்பக்காவின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன், ஒரு பெண்ணின் உடலில் இருக்கக் கூடாத அளவில் இருந்தது. அன்றே ஓர் ஓலை கொடுத்து, அவரைக் கூடத்துக்குள் வரக் கூடாதென்று தடுத்துவிட்டனர். பத்து நாள் கழித்து அவர் தாமே மற்றொரு பரிசோதனை செய்துகொண்டார். அளவு இயல்பாக இருந்தது.

“அதைக் காட்டினா தப்பிச்சுடலாம்னு நினைச்சேன் மேடம். கமிட்டிக்காரங்க சிரிக்கிறாங்க. ‘மருந்தை நிறுத்தின, இறங்கிடுச்சு, அவ்வளவுதானே’ங்கிறாங்க. நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். என் பேரை நிரந்தரமா அடிச்சிடப் போறாங்க.”

“பதக்கம் போயிடுமேன்னு கவலையா?” என்றார் விசாரணையம்மாள்.

“பதக்கம் கிடக்கட்டும்.” ஓட்டுநர் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். “என் வீட்டுக்காரரு கடிகாரம் பழுதுபாக்குறவரு. இருபத்தோரு வருஷத்துல என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. போன வாரம் பக்கத்துல வந்து உக்காந்து மெதுவா கேக்குறாரு: ‘ஏதாவது போட்டுக்கிட்டியா? சொல்லிடு, நான் திட்ட மாட்டேன்’னு. திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன் மேடம். திட்ட மாட்டேன்னு சொன்னாரு பாருங்க…”

கொழுந்தனார் எதையும் சொல்லவில்லை. அவர் எதையும் சொல்லாமலிருப்பது ஆண்டுக்கு இருமுறை நிகழும்.

உண்மையில் வெகுண்டெழ வேண்டிய இடம் இதுவேயாகும். ஒரு தாளில் அச்சிட்ட ஓர் எண், இருபத்தோர் ஆண்டு இல்லறத்தை மூன்று வாரத்தில் அசைத்துவிடுகிறது. அவ்வெண்ணைப் பார்த்தவர்களுள் ஒருவரேனும், ‘இஃது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கவில்லை. ‘யார் மீது போடலாம்?’ என்பதே அனைவருக்கும் அவசரமாயிற்று.

“அந்தப் பத்து நாள்ல நீங்க எதைச் செய்யலை?” என்று கேட்டார் விசாரணையம்மாள்.

“வீடு அதே வீடு. சாப்பாடு அதே சாப்பாடு. வண்டியும் அதேதான். ஜிம்முக்கு மட்டும் போகலை.”

“ஜிம்முல என்ன சாப்பிடுவீங்க?”

“ஒண்ணும் கிடையாது. பவுடர், மாத்திரை எதுவும் தொட மாட்டேன். தண்ணிகூட வீட்டுலேர்ந்து கொண்டுபோறதுதான்.”

விசாரணையம்மாள் எழுந்தார். “கமிட்டி பாதி சரியா சொல்லியிருக்கு. நீங்க எதையோ நிறுத்தினீங்க, இறங்கிடுச்சு. ஆனா நீங்க நிறுத்தினது மருந்தை இல்ல, ஜிம்மை.”

*

ஹார்மோன் மருத்துவரின் மருத்துவமனை அமைந்திருந்த தெருவில், சுவர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, சுவரொட்டிகளே தெரிந்தன. ‘நாற்பதா? நடுக்கமா? மீண்டும் காளையாகுங்கள்!’ என்றது ஒன்று. ‘ஒரே ஊசியில் இருபது வயது!’ என்றது மற்றொன்று. உழைத்துக் களைத்த மனிதனின் இயல்பான அசதிக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டி, அந்நோய்க்கு ஒரு புட்டியையும் நீட்டுகிற இவ்வணிகத்தைச் செய்வோர் இரவில் எவ்வாறு உறங்குகின்றனரோ, தெரியவில்லை. கொழுந்தனார் மட்டும் ஒவ்வொரு சுவரொட்டியின் முன்னும் ஒரு நொடி நின்று, பிறகு நடந்தார்.

மருத்துவர், விசாரணையம்மாளை முன்பே அறிந்தவர். சுற்றி வளைக்காமல் பேச்சு தொடங்கியது.

“வாய் வழியா போகலை, ஊசி வழியா போகலை. வேற வழி இருக்கா டாக்டர்?”

“இருக்கு. தோல் வழியா போகும். பூசிக்கிற ஜெல் இருக்கு. உண்மையிலேயே குறைவா இருக்கிற ஆம்பளைங்களுக்குக் கொடுக்கிறோம். தோள்ல, மேல்கையில பூசிக்கணும். பூசின இடத்தை இன்னொருத்தர் தொட்டா அவங்க உடம்புக்கும் போயிடும்.”

கொழுந்தனார் துள்ளினார். “அப்போ கடிகாரக்காரர்தான்! பொண்டாட்டிகிட்டயே கேள்வி கேட்டுட்டு, தான் ஒளிச்சு வெச்சுப் பூசிக்கிறாரு!”

“அந்தப் பத்து நாளும் அவங்க வீட்டுலதானே இருந்தாங்க?” என்றார் விசாரணையம்மாள். “புருஷன்கிட்டேர்ந்து வந்திருந்தா இறங்கியிருக்காதே.”

கொழுந்தனார் அமர்ந்தார்.

“அங்க எடை தூக்குற ஆம்பளைங்க நிறைய பேரு டாக்டர். அவங்களையும் சோதிச்சாங்க. ஒருத்தருக்கும் ஏறலையே?” என்று தொடர்ந்தார் விசாரணையம்மாள்.

“ஆம்பளைகிட்ட இருக்கிறது ஒரு குடம்னு வெச்சுக்குங்க, பொம்பளைகிட்ட இருக்கிறது ஒரு கரண்டி. மேல ஒரு கரண்டி விழுந்தா குடத்துல தெரியாது. கரண்டியில தெரியும்.”

விசாரணையம்மாள் குறித்துக்கொண்டார். “இந்த ஜெல்லை யாருக்குக் கொடுப்பீங்க?”

“வந்து கேக்குறவங்கள்ல பாதிக்கு மேல திருப்பி அனுப்பிடுறேன்,” என்று மருத்துவர் நகைத்தார். “காலையில, ரெண்டு தனித்தனி நாள்ல ரத்தம் பாக்கணும். ரெண்டுலயும் குறைவா வரணும். வெறும் எண்ணு மட்டும் குறைஞ்சா போதாது, ஆளுக்குத் தொந்தரவும் இருக்கணும். ஏன் குறைஞ்சதுன்னு தேடணும். இனிமே குழந்தை வேணும்னு நினைக்கிறவருக்குக் கொடுத்தா உள்ளதும் கெட்டுடும். ரத்தம் கெட்டியாகுதா, புராஸ்டேட் எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். இவ்வளவையும் தாண்டி வர்றவருக்குக் கொஞ்சமா ஆரம்பிப்பேன். அப்படி வர்றவங்களுக்கு அது நல்ல மருந்து மேடம். ஏமாத்து இல்ல. சுவத்துல ஒட்டியிருக்கிறதை வெச்சு அதை எடை போடாதீங்க.”

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். “எனக்கும் ஒரு தடவை பாத்துடலாமா டாக்டர்? எப்பப் பாத்தாலும் தூக்கம். எரிச்சல். எதுலயும் ஒரு பிடிப்பே இல்ல.”

“நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?”

“மூணு.”

“முந்தாநேத்து?”

“அன்னிக்குப் படுக்கவே இல்ல. கிரிக்கெட்.”

“பத்து நாள் பத்து மணிக்குப் படுங்க. அப்புறம் வாங்க, பேசலாம்.” மருத்துவர் இழுப்பறையிலிருந்து ஓர் அச்சுத்தாளை எடுத்து விசாரணையம்மாளிடம் நீட்டினார். “ஜெல் பூசிக்கிறவங்களுக்கு நாங்க கொடுக்கிறது. வெச்சுக்குங்க.”

கொழுந்தனார் அதை வாங்கி உரக்கப் படித்தார். “குளித்தபின் பூசவும். பூசியவுடன் கைகளைச் சோப்பால் நன்கு கழுவவும். காய்ந்ததும் அவ்விடத்தை ஆடையால் மூடவும். பூசிய பின் சில மணி நேரத்துக்குக் குளிக்க வேண்டா. பெண்களும் குழந்தைகளும் அவ்விடத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவும்.”

“கடைசியா ஒண்ணு டாக்டர். அந்த ஜிம்முக்குப் போற உங்க நோயாளி யாராவது…”

“அந்தக் கேள்விக்கு வாசல் அந்தப் பக்கம் இருக்கு மேடம்,” என்றார் மருத்துவர், புன்னகை மாறாமல்.

*

மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கே உடற்பயிற்சிக் கூடம் இரும்பொலியால் அதிர்ந்துகொண்டிருந்தது. வாயிலுக்கு எதிரே, கண்ணில் படாமல் எவரும் நுழைய இயலாத உயரத்தில், ஒரு பலகை: ‘மருந்தால் வளர்த்த உடலுக்கு இங்கே இடமில்லை. இங்ஙனம், செயலாளர்.’

கொழுந்தனார் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நடந்தார்.

“எதுக்கு மூச்சைப் பிடிச்சிருக்கே?”

“இடத்துக்கு ஒரு மரியாதை அண்ணி.”

கூடத்தின் கோடியில், கம்பியைத் தோளில் தாங்கி அமர்ந்தெழுவதற்கான இரும்புச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆணியில், முழ நீளத்துக்கு, உருளை வடிவில், கறுப்பு நிறத்தில் ஏதோ தொங்கியது. நடுவில் நீளவாக்கில் பிளவுபட்ட பஞ்சுருளை. விசாரணையம்மாள் அதன் முன் நின்றுவிட்டார்.

“இது என்ன தம்பி?” என்று அருகில் இருந்த ஓர் இளைஞரைக் கேட்டார்.

அவர் சிரித்தார். “தலகாணி மேடம். கம்பி தோள்ல உறுத்தாம இருக்க, அது மேல மாட்டிக்கிறது. பெருசுங்க மட்டும்தான் போடுவாங்க. நாங்க கையாலகூடத் தொட மாட்டோம்.”

“ஏன்?”

“தொட்டா தொலைஞ்சோம். ஒரு மாசத்துக்குக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவானுங்க. ஒருத்தன் கழுத்து வலின்னு ஒரே ஒரு நாள் போட்டான். இன்னிக்கு வரைக்கும் அவனுக்குப் பேரு ‘தாத்தா’தான்.”

“அப்போ யார்தான் போடுவாங்க?”

“தலகாணி கோஷ்டி மூணே பேரு. முதல்ல செயலாளர் சார், அடுத்து இரும்பக்கா, கடைசியில ரொட்டி மாமா. தினமும் இதே வரிசை. ஒருத்தர் கழட்ட, அடுத்தவர் மாட்ட, சூடு ஆறாது.”

“துவைப்பாங்களா இதை?”

“துவைக்கிறதா? தலகாணியையா?” அக்கேள்வியே அவருக்குப் புதிதாக இருந்தது.

விசாரணையம்மாள் கைக்குட்டையால் பஞ்சுருளையின் ஓரத்தைப் பற்றி, ஆணியிலிருந்து எடுத்து, ஒரு பையினுள் இட்டார். தோளில் பூசும் மருந்து, தோளில் அழுந்தும் பஞ்சு, வியர்வை, அதே பஞ்சு, அடுத்த தோள். அவர் எதையும் விளக்கவில்லை. கொழுந்தனாருக்கோ விளக்கம் தேவைப்படவில்லை.

“ரொட்டி மாமாதான் அண்ணி!” என்றார் காதோடு. “இப்பத்தான் விசாரிச்சேன். ஆறு மாசம் முன்னாடி, டெஸ்டோஸ்டிரோன் குறைவுன்னு வந்த ரிப்போர்ட்டை ஜிம்மு பூராவும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு. அதோ, வர்றாரு பாருங்க. நான் கவனிச்சுக்கிறேன்.”

ரொட்டிக்கடை உரிமையாளர் அகன்ற மார்பும் மாவு படிந்த காதுகளுமாக வந்தார். வயது நாற்பத்தொன்பது.

“ஐயா, உங்க தோளை மோந்து பாக்கலாமா?” என்றார் கொழுந்தனார்.

“தாராளமா. வெண்ணெய் வாசனைதான் வரும். நீங்க யாரு?”

விசாரணையம்மாள் குறுக்கிட்டுத் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, நேராகக் கேட்டார். ரொட்டிக்காரர் சிறிதும் கூசவில்லை.

“ஆமாங்க, குறைவுன்னுதான் வந்துச்சு. எப்படி எடுத்தேன்னு கேளுங்க. மூணு நாளா அடுப்படியிலயே கிடந்து, கண்ணே மூடாம, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போய்க் கையை நீட்டினேன். தாளைப் பாத்ததும் பயந்துட்டேன். இவனுங்கள்ல ஒருத்தன் ‘ஊசி வாங்கித் தரேன் மாமா, ரெண்டே மாசத்துல மலை மாதிரி ஆயிடுவீங்க’ன்னான். நல்லவேளை, என் சம்சாரம் காதைப் பிடிச்சு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. அவங்க, ‘நல்லா தூங்கி எழுந்து காலையில வெறும் வயித்துல வாங்க’ன்னாங்க. போனேன். சரியா இருந்துச்சு. விட்டாங்களா? இன்னொரு நாளும் வரச் சொன்னாங்க. அதுவும் சரி. ‘கடைக்கு இன்னொரு ஆளைப் போடுங்க, அதுதான் உங்களுக்கு மருந்து’ன்னு அனுப்பிட்டாங்க.”

அவர் தம் கைப்பேசியில் இரண்டு அறிக்கைகளையும் காட்டினார். நாளும் நேரமும் தெளிவாக இருந்தன.

“முதல் ரிப்போர்ட்டை ஊருக்கே காட்டினீங்க. இதை ஏன் காட்டலை?” என்றார் கொழுந்தனார்.

“நல்லா இருக்கேன்னு சொன்னா யாருங்க கேக்குறா?”

கொழுந்தனார் தம் வழக்கு இடிந்து விழுந்ததை, வயிற்றைத் தளர்த்தி அறிவித்தார்.

கை கழுவும் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண்மணி, இவையனைத்தையும் கேட்டவாறே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். விசாரணையம்மாள் அவரிடம் சென்றார்.

“என்னம்மா, சோப்பு சீக்கிரம் கரையுதா?”

“கரையாம என்ன செய்யும்? அந்தப் பசங்க சோப்பு பக்கமே வர்றதில்ல. செயலாளர் ஐயா ஒருத்தர்தான் சுத்தம். ஆனா அவரும் இப்ப ஏதோ தலைகீழா ஆயிட்டாரு.”

“எப்படி?”

“முன்னெல்லாம் பயிற்சி முடிச்சு, குளிச்சு, பளிச்சுன்னு ஆபீசுக்குப் போவாரு. இந்த நாலு மாசமா வர்றப்பவே குளிச்சுட்டு வர்றாரு. ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறாரு. வெளிய வந்து கையைச் சோப்பு போட்டு அப்படித் தேய்க்கிறாரு, ஆபரேஷனுக்குப் போற டாக்டர் மாதிரி. அப்புறம் போய் அழுக்குக் கம்பியைப் பிடிச்சுத் தூக்குறாரு. முடிஞ்சதும் குளிக்கிறது கிடையாது. வேர்வை மேலயே சட்டையை மாட்டிக்கிட்டு ஓடுறாரு. இரும்பைத் தொட்டுட்டுக் கை கழுவுறவங்களைப் பாத்திருக்கேன். தொடறதுக்கு முன்னாடி கழுவிட்டு, அப்புறம் அழுக்கோட போறவரை இங்கதான் பாக்குறேன்.”

கொழுந்தனாரின் கை தானாகவே சட்டைப்பைக்குள் சென்றது. மருத்துவர் கொடுத்த அச்சுத்தாளை வெளியே எடுத்து, முதல் வரியைப் படித்தார். இரண்டாம் வரியைப் படித்தார். நான்காம் வரியைப் படித்தார். பிறகு தலையை உயர்த்தி, வாயிலுக்கு எதிரே இருந்த பலகையைப் பார்த்தார்.

“அண்ணி,” என்றார். “இரும்பக்காவைத் தடுத்து நிறுத்தின ஓலையில கையெழுத்து யாரோடது?”

“அந்தப் பலகையில இருக்கிற அதே கையெழுத்துதான்.”

*

செயலாளர், நில அளவையாளராகப் பணியாற்றுபவர். வயது ஐம்பத்து நான்கு. அவருடைய அலுவலக மேசையின் மீது ஒரு வரைபடம் விரிந்திருந்தது. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு எடைக்கற்கள் பிசகின்றி அமர்ந்திருந்தன.

“அந்தப் பொம்பளைக்காகப் பேச வந்திருந்தா நேரம் வீண்,” என்றார் அவர், நிமிராமலே. “விதின்னா விதி.”

விசாரணையம்மாள் பையிலிருந்து பஞ்சுருளையை எடுத்து, வரைபடத்தின் நடுவில் வைத்தார். அதன் பக்கத்தில் அச்சுத்தாளை வைத்தார்.

செயலாளர் தாளைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். மீண்டும் தாளைப் பார்த்தார். கையிலிருந்த பென்சிலை மெல்லக் கீழே வைத்தார். அளவெடுத்தே வாழ்ந்த அம்மனிதருக்கு, இரு பொருள்களுக்கு இடையிலிருந்த தொலைவை அளந்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“கதவைச் சாத்துங்க,” என்றார் கொழுந்தனாரிடம்.

கதவு சாத்தப்பட்டது.

“போன வருஷம் மாடிப்படி ஏற முடியாமப் போச்சு. ஒரு காரணமும் தெரியலை. டாக்டர் ரெண்டு நாள் காலையில ரத்தம் எடுத்தாங்க. ரெண்டுலயும் ரொம்பக் குறைவு. தலையை ஸ்கேன் பண்ணாங்க, என்னென்னமோ பாத்தாங்க. கடைசியில பூசிக்கக் கொஞ்சமா கொடுத்தாங்க.” அவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். “வெளிய சொல்ல முடியலை. அந்தப் பலகையை எழுதினவன் நான்தானே.”

“அதை வீட்டுலயே பூசிட்டு வந்திருக்கலாமே சார்?” என்றார் விசாரணையம்மாள்.

“பேரன் இருக்கானே மேடம்!” என்று முதன்முறையாக நிமிர்ந்தார் செயலாளர். “எட்டு மாசம். என் தோள்ல சாய்ஞ்சாத்தான் தூங்குவான். குழந்தை மேல படவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொன்னாங்க. அந்த மருந்து வீட்டுக்குள்ளயே வரக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். ஜிம்மு லாக்கர்ல வெச்சேன். காலையில அங்க பூசுவேன், சாயங்காலம் வீட்டு வாசல் குழாயில தோளைக் கழுவிட்டுத்தான் உள்ள போவேன். ஒரு நாள்கூடத் தவறினதில்ல. கையைக் கழுவினேன். அவங்க சொன்ன நேரத்துக்குக் குளிக்காம இருந்தேன். எழுதினபடி எல்லாம் செஞ்சேனே!”

“ஆடையால் மூடவும்னு போட்டிருக்கே?”

“பனியன் போட்டிருந்தேனே.”

“பனியனுக்குத் தோள் கிடையாதே சார்,” என்றார் கொழுந்தனார். அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

செயலாளர் தம் தோளைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டார். “யாரும் என்னைத் தொடலையே மேடம். ஒரு பொண்ணுகூட என் பக்கத்துல வந்ததில்லையே.”

“உங்களைத் தொடலை. நீங்க தொட்டதைத் தொட்டாங்க. நாலு மாசம், நீங்க கழட்டின சூட்டோட.”

ஒரு குழந்தையைக் காப்பதற்காக ஒரு மனிதர் எடுத்துக்கொண்ட அத்தனை கவனமும், வழியில் நின்ற மற்றொருவர் தலையில் விழுந்திருக்கிறது. கயவன் ஒருவன் செய்திருந்தால் வைதுவிட்டுப் போகலாம். ஒழுங்கானவர் செய்த பிழைக்கு வசவும் உதவுவதில்லை.

“இன்னியோட அதைத் தூக்கிக் குப்பையில போட்டுடுறேன்,” என்றார் செயலாளர்.

“அதை நீங்களும் முடிவு பண்ண வேணாம், நானும் பண்ண வேணாம். டாக்டர்கிட்ட போய் நடந்ததைச் சொல்லுங்க. உங்களுக்கு அது வேண்டியிருந்துச்சு, கொடுத்தாங்க. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. மருந்தால உங்களுக்குக் குணம் தெரிஞ்சுதா?”

“கொஞ்சம். ஆனா அளவு எதிர்பார்த்தபடி ஏறலைன்னு அடுத்த வாரம் கூட்டிக் கொடுக்கிறதா சொல்லியிருக்காங்க.”

“பஞ்சுக்கு நல்லா ஏறியிருக்கும்,” என்றார் கொழுந்தனார்.

“அவன் சொல்றதும் சரிதான். இதைச் சொல்லாம டோஸைக் கூட்டிக்காதீங்க.” விசாரணையம்மாள் எழுந்தார். “உங்க பேரை நான் வெளிய சொல்ல மாட்டேன் சார். அது உங்க உடம்பு, உங்க விஷயம். யாரோ ஒரு உறுப்பினர்னு மட்டும் நாலு மணிக்கு வந்து சொல்றேன். கமிட்டி நம்புமா?”

செயலாளர் ஓர் எடைக்கல்லைத் தூக்கி, மீண்டும் அதே மூலையில் வைத்தார். “நம்பாது,” என்றார். “நான் தலைமை தாங்குற கூட்டம் மேடம். பேரில்லாத சாட்சியை நானே தள்ளுபடி பண்ணுவேன்.”

படிக்கட்டில் இறங்கும்போது கொழுந்தனார் கேட்டார்: “சொல்லுவாரா அண்ணி?”

“தெரியலை.”

“சொல்லலைன்னா?”

“தோத்துட்டோம்.”

*

நான்கு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. குழுவினர் ஏழு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். உறுப்பினர் பலர் சுவரோரம் நின்றனர்; ரொட்டிக்காரரும் நின்றார். இரும்பக்கா பணிச்சீருடையிலேயே வந்திருந்தார். அவருடைய கணவர் வரவில்லை. கடையில் வேலை இருந்ததாம். அவ்வாறு சொல்லும்போது இரும்பக்கா எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

விசாரணையம்மாள் ஐந்து நிமிடத்தில், பெயர் குறிப்பிடாமல், நடந்ததைச் சொன்னார். பஞ்சுருளை மேசையின் நடுவில் கிடந்தது.

“நல்ல கதை,” என்றார் குழுவினருள் ஒருவர். “யாரு அந்த உறுப்பினர்? கூப்பிடுங்க பாக்கலாம்.”

“பேரைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல.”

“பேரில்லைன்னா ஆளும் இல்லைன்னு அர்த்தம். செயலாளர் சார், தீர்மானத்தைப் படிங்க.”

செயலாளர் எழுந்தார். தீர்மானத் தாளைக் கையில் எடுத்தார். கண்ணாடியை அணிந்தார். கொழுந்தனார் தம்மையறியாமல் அண்ணியின் கைப்பையின் வாரைப் பற்றிக்கொண்டார்.

“படிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல,” என்றார் செயலாளர். தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். “அந்த மருந்து என்னுடையது. டாக்டர் எழுதிக் கொடுத்தது, நாலு மாசமா பூசிக்கிறேன். அந்தத் தலகாணியில இருந்தது என் தோள்லேர்ந்து வந்தது. இந்த அம்மா மேல ஒரு குத்தமும் இல்ல.”

சுவரோரத்தில் ஒருவர் இருமினார். பிறகு ரொட்டிக்காரர், “நமக்கு வராத நோயா சார்? இதுல என்ன இருக்கு!” என்றார். அதன் பிறகு அனைவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினர்.

பழி நீக்கப்பட்டது. போட்டியில் இரும்பக்காவின் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது. செயலாளர் தம் பதவி விலகல் கடிதத்தை நீட்ட, அதைப் பற்றி மற்றொரு வாதம் எழுந்தது. அவ்வாதத்துக்கு நடுவே இரும்பக்கா எழுந்து நின்றார்.

“இருக்கிறதும் போறதும் உங்க கமிட்டி விஷயம் சார். என் விஷயம் இன்னும் முடியலை.”

அறை அடங்கியது.

“இப்ப சொன்னீங்களே, அதை இங்க சொன்னது எனக்குப் பத்தாது. நான் மருந்து போடலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரியாத ஆளு ஒருத்தர் கடையில உக்காந்திருக்காரு. வந்து அவர்கிட்ட சொல்லுங்க.”

“இப்பவா?”

“மூணு வாரம் ஆச்சு சார்.”

கடிகாரக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. முன்னறையில் கடை, பின்னறையில் குடித்தனம். நால்வரும் நுழைந்தபோது, கடிகாரக்காரர் கண்ணில் குழல்கண்ணாடியுடன் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் நின்ற உயரமான மனிதரைப் பார்த்தார், குழல்கண்ணாடியைக் கழற்றினார்.

செயலாளர், கூட்டத்தில் சொன்னவற்றை ஒரு சொல்லும் குறைக்காமல் மீண்டும் சொன்னார். சொல்லி முடித்ததும், அங்கே சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: “விசாரிக்காம உங்க சம்சாரத்தை வெளிய அனுப்பினேன். மன்னிச்சுடுங்க.”

கடிகாரக்காரர் குழல்கண்ணாடியை மேசையில் வைத்தார். பிறகு, அவருடைய இயல்புக்கேற்ப, எவரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். “இப்ப உங்களுக்கு உடம்பு எப்படி சார் இருக்கு? நின்னுக்கிட்டே இருக்கீங்களே.” நாற்காலி எடுக்க உள்ளே திரும்பினார்.

இரும்பக்கா வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

“அவருக்கு நாற்காலி. எனக்கு மன்னிப்பு. எது முதல்ல வருதுன்னு பாக்குறேன்.”

கொழுந்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விசாரணையம்மாள் அவர் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துச் சென்றார். கதவு சாத்தப்படுவதற்கு முன்பு, உள்ளே ஒரு தணிந்த குரல், தட்டுத்தடுமாறி, ஒரு சொற்றொடரைத் தொடங்கி, பாதியில் உடைந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது கேட்டது.

நாற்காலி இழுபடும் ஓசை, அதற்கு நெடுநேரம் கழித்தே வந்தது.